லைசென்ஸ் வேண்டாத பேட்டரி வண்டியை நான் ஏன் வாங்கவில்லை

தண்டையார்பேட்டையிலிருந்து மணலி பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஷேர் ஆட்டோவின் அருமையும் தெரியும், கொடுமையும் தெரியும். பகல் ஷிப்டுக்கு எப்படியாவது போய்விடலாம். இரவு பில்லிங் முடித்துத் திரும்புகிறபோதுதான் சொந்தமாக ஒரு வண்டி இல்லையே என்று இருக்கும். எனக்கு அப்போது லைசென்ஸ் கிடையாது. அதனால் எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: "பேட்டரி வண்டி வாங்கிக்கம்மா. லைசென்ஸ் வேணாம், ஆர்சி வேணாம், இன்சூரன்ஸ் வேணாம். போலீஸும் புடிக்க மாட்டான்."

நான் வேலை பார்ப்பது கன்டெய்னர் யார்டில். டிரெய்லர் கேட்டுக்குள் வரும்போது ஆர்சி, எப்.சி., இன்சூரன்ஸ் தேதியெல்லாம் சரிபார்ப்பது என் வேலையில் பாதி. பேப்பரே இல்லாத வண்டி என்றதும் மனசு ஒப்பவில்லை. சட்டம் என்னதான் சொல்கிறது என்று பார்த்துவிட்டே பணத்தை எடுப்பது என்று முடிவு செய்தேன்.

தெருவில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், பேட்டரியில் ஓடும் இருசக்கர வண்டிகளில் ஒரு வகையை 'மோட்டார் வாகனம்' என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மோட்டாரின் முப்பது நிமிட பவர் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய பவர்) 250 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக்கூடாது. ஒழுங்கான பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிப்ளெக்டரும் கட்டாயம். இத்தனையும் இருக்கிறது என்று சோதனை நிலையம் ஒன்று சான்று கொடுத்திருக்க வேண்டும். புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போல நம் ஒரகடத்திலும் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. இவை எல்லாம் பொருந்தினால்தான் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டாம். ஒன்று தவறினாலும் அது மற்ற ஸ்கூட்டர்களைப் போல ஒரு மோட்டார் வாகனம்தான்.

இதைத் தெரிந்துகொண்டு ஒரு கடைக்குப் போனேன். விற்பனைக்கு நின்ற பையன் நல்ல பையன், பொறுமையாகக் காட்டினான். "250 வாட்தான்க்கா" என்றான். நான் குனிந்து பின் சக்கரத்து ஹப் மோட்டாரைப் பார்த்தேன். இரும்பில் பொறித்திருந்தது 60 வோல்ட், 1000 வாட். கேட்டதற்கு, "அது கம்பெனி போடுறதுக்கா, பேப்பர்ல 250தான்" என்றான். பிறகு சீட்டைத் தூக்கி, கன்ட்ரோலரிலிருந்து வரும் ஒரு சின்ன வெள்ளைக் கனெக்டரைத் தொட்டுக் காட்டினான். "இத்த கழட்டி வுட்டா போதும், 45 போவும். இங்க வாங்குற எல்லாரும் கழட்டிட்டுத்தான் எடுத்துனு போறாங்க. 25-ல எர்ணாவூர் மேம்பாலம் எப்டிக்கா ஏறுவ?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. எண்ணூர் விரைவுச் சாலையில் 25-ல் போவது உயிருக்கு ஆபத்து, ஏனென்றால் பின்னால் வருவது நாற்பதடி பெட்டி ஏற்றின டிரெய்லர். அந்தக் கனெக்டரைக் கழற்றிவிட்டு 45-ல் போனாலோ, அது பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். ஓட்டுவது லைசென்ஸ் இல்லாத ஆள். "டைப் அப்ரூவல் சர்டிபிகேட் காட்டுங்க தம்பி" என்று அந்தச் சோதனை நிலையச் சான்றைக் கேட்டேன். அனுப்பி வைக்கிறேன் என்றான். வரவே இல்லை.

அபராதக் கணக்கு சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். பதிவு இல்லாத வண்டி என்றால் முதல் தடவைக்கு 5,000 வரை. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாயோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. விற்கும் டீலருக்கும் சட்டத்தில் தண்டனை உண்டு, ஆனால் ரோட்டில் நிறுத்தப்படுவது வாங்கினவர்தானே.

அபராதத்தைக்கூட விட்டுவிடுகிறேன். என்னை உலுக்கியது இன்சூரன்ஸ். காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பெரியவர் குறுக்கே வந்து, என் வண்டி இடித்து அவர் கால் எலும்பு முறிந்தது என்று வையுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் நஷ்ட ஈட்டைக் கம்பெனி கொடுக்கும். இல்லாவிட்டால் தீர்ப்பாயம் சொல்கிற தொகையை நான்தான் கட்ட வேண்டும், என் சம்பளத்திலிருந்து, அம்மா கழுத்து நகையிலிருந்து. அந்தப் பெரியவருக்கும் நான் கட்டினால்தான் பணம். மூன்று ஸ்கூட்டரின் விலையை ஒரு விபத்து தின்றுவிடும். வேண்டாம் என்று தீர்மானித்தேன்.

உண்மையான 25 கிலோமீட்டர் வண்டியை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பெரியப்பா வைத்திருக்கிறார். வண்ணாரப்பேட்டை சந்துகளில் காய்கறி வாங்கவும் ரேஷன் கடைக்கும் அது அருமையான வண்டி. டிரெய்லர் ஓடும் சாலைக்கு மட்டும் அது ஆகாது.

ஆகவே முதலில் லைசென்ஸ். எல்.எல்.ஆர். போட்டால் ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வு. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்தேன். சித்தியின் ஸ்கூட்டரில் எட்டு போட்டுப் பழகினேன். பெரிய பாடெல்லாம் இல்லை.

வண்டி எடுத்தது 2025 ஜனவரியில். பதிவு செய்கிற வண்டிக்கு எவ்வளவு சலுகை இருக்கிறது என்று தெருவில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மின் வாகனங்களுக்கு அப்போது சாலை வரி முழு விலக்கு இருந்தது. பதிவுக் கட்டணத்தை ஒன்றிய அரசு 2021 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டது. பி.எம். இ-டிரைவ் என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தின் மானியம் அந்த நிதியாண்டில் பேட்டரி கொள்ளளவில் ஒரு கிலோவாட்-மணிக்கு (kWh) 5,000 ரூபாய், ஒரு வண்டிக்கு 10,000-க்கு மேல் கிடையாது. அடுத்த ஆண்டே அது பாதியாகிவிட்டது. பதிவு செய்யாத வண்டிக்கு இந்த மானியம் கிடையாது என்றிருந்தது. ஷோரூமில் ஆதாரை வைத்து முகத்தைப் படம் பிடித்தார்கள், போனுக்கு இ-வவுச்சர் வந்தது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மானியத்தை பில்லிலேயே கழித்துவிட்டார்கள். ஓர் ஆதாருக்கு ஒரு வண்டிக்குத்தான் மானியம் என்றிருந்ததால், வீட்டில் யார் பேரில் எடுப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம்.

இன்சூரன்ஸில் பெட்ரோல் வண்டிக்கு சிசி பார்ப்பது போல இதற்கு கிலோவாட் பார்க்கிறார்கள்: 3 வரை ஒரு கட்டணம், 3 முதல் 7 வரை வேறு. புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே போட வேண்டும். பாலிசி கையில் வந்ததும் மோட்டார் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யார்டில் ஓர் எழுத்து மாறிப்போன பேப்பரால் டிரைவர்கள் படும் பாட்டை தினமும் பார்க்கிறேன்.

பேட்டரி பற்றி ஷோரூமில் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரி பாதுகாப்புத் தரத்தின் திருத்தப்பட்ட விதிப்படி சான்று பெற்றதா? 2022-ல் வண்டிகள் தீப்பிடித்த பிறகு அந்த விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் புகாமல் இருக்கிறதா என்ற சோதனையும் அதில் உண்டு. மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் பக்கம் எண்ணெய் மிதந்த தண்ணீரைப் பார்த்த எங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. சான்று இருந்தாலும் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது வண்டியை இறக்க மாட்டேன்.

பச்சை பிளேட்டில் வெள்ளை எழுத்து வந்ததும் தெருவில் நிறையப் பேர் கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா, பத்தாவது முடித்த மகனுக்கு அந்த 1000 வாட் வண்டியைப் பேசி வைத்திருந்தார். 18 வயது ஆகாத பையன் மோட்டார் வாகனம் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது என்று சொன்னேன். "அப்போ இப்ப வாங்கி வெச்சிட்டு, அவனுக்கு வயசு வந்ததும் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். முடியாது. பதிவுக்கு டீலர் தரும் படிவம் 21 (விற்பனைச் சான்று) வேண்டும், கம்பெனி தரும் படிவம் 22 (சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று) வேண்டும், அந்த மாடலே மோட்டார் வாகனமாகச் சோதனை தேறி இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வண்டி என்று விற்றதற்கு இவை இருக்காது, பிறகு எந்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனாலும் பதிவு ஆகாது. முன்பணத்தைத் திருப்பி வாங்க அவரோடு நானும் கடைக்குப் போனேன். கொடுத்துவிட்டார்கள்.