ரெட் வெல்வெட் கேக்: சிவப்பும் மேல்பூச்சும்

ரெட் வெல்வெட்டை இப்போது ஓர் அளவில் நிலைநிறுத்திவிட்டேன்: ஆறு அங்குல டின்னுக்கு மைதா 125 கிராம், சர்க்கரை 150 கிராம், கோகோ ஒரு மேசைக்கரண்டி, எண்ணெயும் மோரும் தலா 120 மி.லி., முட்டை ஒன்று, பேக்கிங் சோடாவும் வினிகரும் தலா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மோருக்கு, குடிக்கும் நீர்மோரைக் கொள்ளாமல், புளித்த கெட்டித் தயிரில் சிறிது பால் விட்டுக் கடைந்துகொள்கிறேன். 170 டிகிரியில் அரை மணி நேரத்தைத் தாண்டியதும் குச்சி குத்திப் பார்க்கத் தொடங்கலாம்.

செலவழித்த நேரத்தில் பெரும்பகுதி நிறத்துக்கே போயிற்று. காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்தாத நேச்சுரல் கோகோவில் உள்ள ஆந்தோசயனின் நிறமிகள் மோர், வினிகரின் புளிப்புப் பட்டுச் சற்றே சிவக்கும் என்பதால், சாயம் எதுவும் விடாமல் ஒரு கேக் செய்து பார்த்தேன். வெட்டியபோது அது பழுப்பாகவே இருந்தது. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஓரத்தில் ஒரு செம்மை தெரிந்தது. காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்திய டச்சு முறைக் கோகோவில் அதுவும் கிடைக்காது. இன்று நாம் காணும் அடர்சிவப்பு அமெரிக்காவில் சாயப் புட்டியோடு பரவியது. டெக்சாஸின் ஆடம்ஸ் எக்ஸ்ட்ராக்ட் நிறுவனம் தன் சாயத்தை விற்க இக்கேக்கின் செய்முறை அட்டைகளை வெளியிட்டது.

பீட்ரூட்டையும் விடவில்லை. எலுமிச்சைச் சாறு விட்டுப் பச்சையாக அரைத்துச் சேர்த்தபோது மாவு கண்ணைப் பறித்தது. ஆனால் பீட்ரூட்டின் நிறமி வெப்பத்தையும் சோடாவையும் தாங்காததால், மேற்புறம் பழுப்பேறி நடுவில் மட்டும் மங்கிய ரோஜா நிறம் எஞ்சியது. மண்வாசனை வேறு. வீட்டில் எவரும் குறை சொல்லவில்லை, எனக்குத்தான் பிடிக்கவில்லை. ஆகவே ஜெல் கலர் என்னும் கெட்டியான உணவுச் சாயத்துக்கே திரும்பினேன்.

மேல்பூச்சில்தான் மனம் நிறைந்தது. கிரீம் சீஸ் பூச்சு நம் வெயிலில் விரைவில் தளர்ந்துவிடுகிறது. அது வழக்கத்துக்கு வருமுன் இக்கேக்குக்குப் பூசப்பட்டது எர்மின் என்னும் வேகவைத்த பூச்சு. 120 மி.லி. பாலில் ஒன்றரை மேசைக்கரண்டி மைதாவையும் 100 கிராம் சர்க்கரையையும் கட்டியின்றிக் கரைத்துச் சிறுதீயில் கிளற வேண்டும். கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து, அந்தத் தடம் மெதுவாக மூடும் நிலையில் இறக்கி, ஆடை படியாமல் மூடி, முழுவதும் ஆறவிட வேண்டும். பிறகு, நுரைக்க அடித்த 100 கிராம் உப்பில்லாத வெண்ணெயில் அதைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடித்தால், முதலில் திரிந்ததுபோல் தோன்றி, சற்று நேரத்தில் வெண்மையாக, தித்திப்பு மட்டாக, விப்பிங் கிரீம் பதத்தில் திரண்டுவரும். கஞ்சியில் சூடு துளி மிஞ்சினாலும் வெண்ணெய் இளகிவிடும் என்பதால் அவசரம் ஆகாது.

இதே மாவைக் கப்கேக் அச்சில் ஊற்றினால் 18 நிமிடம் போதும். கேக்கின் மேட்டைச் சீவியதில் விழும் துண்டுகளை உதிர்த்து, பூச்சோடு கண்ணாடி ஜாரில் மாற்றி மாற்றி அடுக்கி வைக்கிறேன். குளிர்பதனப் பெட்டியில் எர்மின் இறுகிவிடுவதால், பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஜாரை வெளியே எடுத்துவிட வேண்டும்.