அத்தை கேட்ட ஒரு அட்டை மாத்திரை

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு அத்தை போன் பண்ணாங்க. மாமாவுக்கு கிளையோபிளாஸ்டோமா, மூளைக் கட்டிலயே ரொம்ப மோசமான வகை, ஆபரேஷன் முடிஞ்சு ரேடியேஷனும் டெமோசோலமைடுன்னு கீமோ மாத்திரையும் போயிட்டிருக்கு. நடுநடுவுல வலிப்பு வேற. அத்தைக்கு யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்காங்க, மூட்டு வாதத்துக்குக் குடுக்குற சல்ஃபாசலசின் மாத்திரை மூளைக் கட்டிய கரைக்குதுன்னு. "நீ போடுறது அதானே கண்ணு, ஒரு அட்டை குடுத்தேன்னா மாமாவுக்கு போட்டுப் பாக்கலாமா?"ன்னு கேட்டாங்க.

ஆறு வருஷமா நான் போடுற மாத்திரை அது, ஒரு நாளைக்கு ரெண்டு கிராம், ஆரஞ்சு கலர்ல இருக்கும், ஒண்ணுக்குப் போனா அதுவும் அந்தக் கலர்லதான் வரும். உடனே வேணாம்னு சொல்ல வாய் வரல. காலைல கூப்பிடுறேன் அத்தைன்னு வெச்சிட்டு படிக்க உக்காந்தேன், அந்த ஒரு ராத்திரி நாலு ராத்திரி ஆயிடுச்சு.

அந்த ஃபார்வர்டு முழுப் பொய் இல்லங்க. அதுதான் என்னை ரொம்ப கஷ்டப்படுத்துச்சு.

மண்டை ஓடு மூடின பெட்டி, உள்ள கட்டி வளரணும்னா இடம் வேணும். அமெரிக்காவுல அலபாமா யுனிவர்சிட்டியில அப்போ இருந்த ஹாரல்ட் சோன்தைமர்னு ஒரு விஞ்ஞானி, அவரோட டீம் கண்டுபிடிச்சது என்னன்னா இந்தக் கட்டி குளூட்டமேட்டை வெளிய கொட்டுது. மூளை செல் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதுக்கு குளூட்டமேட் கொஞ்சமா வேணும், ஆனா அளவுக்கு மீறிப் போனா பக்கத்துல இருக்குற நல்ல செல்லு செத்துப்போகும், கட்டிக்கு இடம் கிடைச்சிடும், மிச்ச செல்லு தூண்டப்பட்டு வலிப்பு வரும். கட்டி இதை சும்மா வெளிய விடல, பண்டமாத்து மாதிரி ஒரு குளூட்டமேட்டை வெளிய தள்ளிட்டு சிஸ்டைன்ங்கற ஒரு அமினோ அமிலத்தை உள்ள இழுத்துக்குது. அந்த சிஸ்டைனை வெச்சு குளூட்டாதயோன்னு ஒண்ணு செஞ்சுக்குது, ரேடியேஷன்லேருந்து கட்டிய காப்பாத்துற கவசம் அது. இந்தப் பண்டமாத்து நடக்குற வாசலை அடைக்கிறதுதான் சல்ஃபாசலசின். 2005ல எலிங்க மூளையில வெச்ச கட்டியோட வளர்ச்சி குறைஞ்சுது, 2011ல கட்டி இருந்த எலிகளுக்கு வலிப்பும் குறைஞ்சுதுன்னு காட்டினாங்க. இதைப் படிச்சப்போ ராத்திரி ரெண்டு மணி, அப்பவே அத்தைக்கு போன் பண்ணிடலாமான்னு தோணுச்சு.

அப்புறம்தான் பெல்ஜியம் டிரையல் கண்ணுல பட்டுச்சு, 2009ல வந்தது. கட்டி திரும்ப வளர ஆரம்பிச்ச 10 பேருக்கு ஒரு நாளைக்கு 6 கிராம் வரைக்கும் குடுத்துப் பாத்திருக்காங்க. ஒருத்தருக்கும் கட்டி சுருங்கல, பக்கவிளைவு அதிகமாப் போய் பாதியிலயே நிறுத்திட்டாங்க.

ஏன் எலிக்குக் கேட்டது மனுஷனுக்குக் கேக்கல? எனக்குப் புரிஞ்ச வரைக்கும் பெரிய காரணம் அந்த மாத்திரையோட பொறப்புலயே இருக்கு. ஸ்வீடன்ல நன்னா ஸ்வார்ட்ஸ்னு ஒரு டாக்டரம்மா, அந்த நாட்டு அரசு யுனிவர்சிட்டியில முதல் பெண் பேராசிரியர் அவங்கதான். மூட்டு வாதம் கிருமியால வருதுன்னு நம்பின காலம் அது, அதனால கிருமிய கொல்ற சல்ஃபா மருந்தையும் வீக்கத்தைக் குறைக்கிற சாலிசிலேட் வகை மருந்தையும் ஒண்ணா கோத்து செய்ய வெச்சாங்க. அந்தக் கோர்வைய பெருங்குடல்ல இருக்குற பாக்டீரியா அறுத்து ரெண்டா பிரிச்சிடும். பெருங்குடல் புண்ணுக்கு அது வரம், இந்த மருந்து இன்னிக்கும் அதுக்கு ஓடுறதே அதனாலதான். ஆனா மூளைக் கட்டியோட வாசலை அடைக்கணும்னா மருந்து முழுசா போகணும், அறுந்த துண்டுங்களால அந்த வேலை ஆகாது. வாயால முழுங்கினா 15 சதவீதத்துக்கும் குறைவாத்தான் முழுசா ரத்தத்துல சேருது. எலிக்கோ வயித்துக்குள்ள, குடலுக்கு வெளிய, நேரா ஊசியா போட்டாங்க, அதோட குடல் பாக்டீரியாவைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்ல.

அதோட எல்லார் கட்டியிலயும் அந்த வாசல் அதிகமா கிடையாது. சோன்தைமர் டீம் 2015ல சொன்னபடி பாதிப் பேருக்குத்தான் அது அதிகம், அவங்களுக்குத்தான் வலிப்பும் அதிகம், உயிரோட இருக்குற காலமும் குறைவு. மூளைக் கட்டி இருந்த 9 பேருக்கு மருந்து குடுத்து ஸ்கேன்ல பாத்தப்போ குளூட்டமேட் வெளிய வர்றது குறைஞ்சிருக்கு. அப்போ மனுஷ மூளையில மருந்து கொஞ்சமாவது வேலை செய்யுது. நார்வேல பெர்கன் ஊர்ல இன்னொரு டீம், மருந்தால கவசத்தைக் கழட்டிட்டு காமா நைஃப்னு கட்டி மேல குறி வெச்சுப் பாய்ச்சுற ரேடியேஷன் குடுத்தா கட்டி சீக்கிரம் சாகுதுன்னு எலியில காட்டி, நோயாளிகளுக்கும் டிரையல் ஆரம்பிச்சாங்க. தனியா தோத்த மருந்தை ரேடியேஷனோட சேத்துப் பாக்குறது எனக்கு ரொம்ப சரியான வழியாப் படுது.

அஞ்சாம் நாள் நேர்லயே போனேன். சமையல்கட்டுல உக்காந்து இதெல்லாம் சொன்னேன், மாத்திரை தர மாட்டேன் அத்தை, ஏற்கெனவே கீமோவால ரத்த அணு குறையுது, இதுவும் அதையே குறைக்கும்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "கட்டிய விடு, வலிப்பாவது நிக்குமா?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்விய அப்படியே அவங்க நோட்டுல எழுதிக் குடுத்தேன். அடுத்த விசிட்ல டாக்டர்கிட்ட காட்டியிருக்காங்க. அவர் சல்ஃபாசலசின் வேண்டாம்னுட்டு வலிப்பு மாத்திரையோட டோஸை மாத்திக் குடுத்தாராம். இன்னியோட பதினோரு நாள் ஆச்சு, மாமாவுக்கு வலிப்பு வரல. தினமும் காலைல அத்தை ஒரு மெசேஜ் போடுறாங்க, "இன்னிக்கும் இல்ல"ன்னு.