தலைதட்டிய படியும் நாட்காட்டித் தாளும்

எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில் ஓர் இரும்புப் படி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் போச்சம்பள்ளிச் சந்தையில், காய்கறிகளையும் கருவாட்டையும் கயிற்றுக் கடைகளையும் கடந்து, ஓர் ஓரமாகச் சாக்கை விரித்துப் பழைய சாமான்களைப் பரப்பியிருந்த முதியவரிடம் அதை வாங்கினேன். 400 ரூபாய் என்றார். 300 ரூபாய்க்குக் கேட்டேன். "இதுல அளந்த ராகியத் தின்னுதாம்மா எம் புள்ளைங்க நாலும் வளந்துச்சு" என்றார். அது உண்மையோ வியாபாரமோ, அதற்குமேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் படியில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் விளிம்பு. உடல் முழுவதும் கறுத்துச் சொரசொரப்பாக இருக்க, வாய்ப்பகுதி மட்டும் வழவழவென்று தேய்ந்து, ஒரு பக்கம் சற்றே தாழ்ந்தும் இருக்கிறது. தானியத்தைக் குவித்துத் தலைதட்டி அளந்து அளந்து ஏற்பட்ட தேய்மானம் அது. 1956-ஆம் ஆண்டில் எடை, அளவைச் சட்டம் வந்து, கிலோவும் லிட்டரும் மெல்ல மெல்லக் கடைகளுக்குள் நுழைந்த பின்பும், எங்கள் பக்கத்து வீடுகளில் கேழ்வரகையும் சாமையையும் படியாலும் ஆழாக்காலும்தான் அளந்தார்கள். 8 ஆழாக்கு ஒரு படி என்னும் கணக்கு என் மாமியாருக்கு இன்றும் மனப்பாடம்.

இந்தத் தேய்மானத்தைப் பார்க்கும் பழக்கம் வருவதற்கு முன்பு நான் ஏமாந்ததும் உண்டு. நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில், நூறு வருடத்துப் பித்தளை விளக்கு என்று சொல்லி ஒன்றை என் தலையில் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து புளியைப் போட்டுத் தேய்த்ததும் கறுப்பெல்லாம் ஒரே சீராகக் கரைந்து, பளபளவென்று புதுப் பித்தளையும், அடிப்பாகத்தில் சாணை பிடித்த கோடுகளும் வெளிப்பட்டன. உண்மையிலேயே பல கைகள் பட்ட விளக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவில் கறுத்திருக்காது. பிடிக்கும் தண்டு மழுங்கியிருக்கும், திரி எரியும் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும், நுணுக்கமான வேலைப்பாடுகள் பல ஆண்டுத் தேய்ப்பில் மங்கியிருக்கும். அந்த விளக்கை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பூசையறையில் அது நன்றாகவே எரிகிறது.

பழைய பொருள்களை மட்டும் வரிசையாக அடுக்கினால் கூடம் பாத்திரக்கடை ஆகிவிடும் என்பதைச் சில மாதங்களில் உணர்ந்தேன். இரும்பும் பித்தளையும் கனமும் இருளும் உடையவை. அவற்றுக்குப் பக்கத்தில் தாளின் வெளிச்சம் வேண்டியிருக்கிறது. அதற்காக நான் தனியாகத் தாள் வாங்குவதில்லை. சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே ஆண்டு முழுவதும் தாள் தருகிறது. எங்கள் நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறை நாள்களும் சிவப்பில் அச்சாகியிருக்கும் என்பதால், கிழித்த தாள்களைச் சிவப்பு ஒரு டப்பாவிலும் மற்றவை ஒரு டப்பாவிலுமாகச் சேர்த்து வைக்கிறேன். அவற்றை 5 மில்லிமீட்டர் அகல நாடாக்களாக நறுக்கி, ஊசியில் இறுக்கமாகச் சுற்றி, சுருளைச் சற்றே தளரவிட்டு ஒரு முனையைக் கிள்ளினால் ஓர் இதழ் கிடைக்கும். இதைத்தான் இப்போது குவில்லிங் என்ற பெயரில் கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பெடுக்கிறார்கள். 6 இதழ்களை ஒட்டித் தென்னை ஈர்க்கில் கோத்தால் ஒரு பூ. இரும்புப் படியில் அப்படி 20 பூக்கள் நிற்கின்றன. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் ஓர் இதழின் மேல் 'எமகண்டம்' என்ற எழுத்துகள் தெரியும். வந்த விருந்தாளிகள் யாரும் இதுவரை கவனிக்கவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் கையில் எடுத்துப் பார்ப்பது பூக்களை அல்ல, காகிதக் கூழில் செய்த கூடையைத்தான். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மாமியார். பழைய செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, தினமும் தண்ணீரை மாற்றிக்கொண்டே 3 நாள்கள் ஊறவைத்து, இரவே ஊறவைத்த வெந்தயத்தையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் இட்டு, இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வரும்வரை ஆட்ட வேண்டும். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிணைக்கும். அதன் கசப்பால் பூச்சி அண்டாது என்பது அத்தையின் சொல். பொறுமையில்லாமல் நான் முதல் முறை மிக்சியில் அரைத்தேன். மிக்சியின் கத்தி தாளின் நாரைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. கல்லோ நாரை நசுக்கிப் பிரித்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்கிறது. மிக்சிக் கூழில் செய்த கூடை காய்ந்ததும் பிஸ்கட்டைப் போல உடைந்தது.

அச்சுக்குப் பரணில் கிடந்த பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டோம். அதன்மேல் ஈரத்துணியைச் சுற்றிய பிறகே கூழை அப்ப வேண்டும். காயும்போது கூழ் சுருங்கும். துணி இல்லாவிட்டால் குடத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, கழற்றும்போது வெடித்துவிடும். அரை விரல் கனத்துக்கு அப்பி, உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து வழித்துவிட்டு, 4 நாள்கள் வெயிலில் வைத்தோம். கூடை கழன்று வந்தபோது அதன் உள்பக்கத்தில் துணியின் இழைகள் ஒன்றுவிடாமல் பதிந்திருந்தன. அந்தத் தடத்தை மறைக்க மனமில்லாமல் வெளிப்பக்கத்துக்கு மட்டும் நாட்காட்டித் தாள் ஒட்டினேன்.

ஒட்டுவதற்கு முதலில் மைதாப் பசையைப் பயன்படுத்தியது என் இரண்டாவது தவறு. ஐப்பசி மழையில் வீடு ஈரம் கோத்தபோது இராமபாணப் பூச்சிகள் வந்து, பசை இருந்த இடமாகப் பார்த்துத் தாளைச் சுரண்டித் தின்றுவிட்டன. புத்தகம் கட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், வெங்காயமும் பூண்டும் போடும் கூடைக்கு ஆகாது. அத்தை சொன்ன மாற்று புளியங்கொட்டை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாசி, பங்குனி மாதங்களில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். கொட்டைக்குப் பஞ்சமே இல்லை. வறுத்துத் தோல் நீக்கிய பருப்பை ஊறவைத்து அரைத்து, தண்ணீரில் கரைத்து அடுப்பில் துழாவினால் பழுப்பு நிறத்தில் கெட்டியான பசை கிடைக்கிறது. அதில் வெந்தயப் பொடியையும் ஒரு கரண்டி கலந்துகொள்கிறேன். இரண்டு மழைக்காலம் கடந்தும் கூடையில் ஓர் ஓட்டை விழவில்லை.

செய்தித்தாளை எல்லா இடத்திலும் பயன்படுத்தலாகாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மரத்தை அரைத்துச் செய்யும் அந்தத் தாளில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுவதால், வெளிச்சமும் காற்றும் பட்டு அது பழுப்பேறும். தன்னைத் தொட்டிருக்கும் பொருளுக்கும் தன் அமிலத்தை ஏற்றும். பழைய தேக்குச் சட்டத்தில் இருந்த என் கணவரின் தாத்தா படத்துக்குப் பின்னால் யாரோ செய்தித்தாளை மடித்து அடைத்திருந்தார்கள். மடிப்புகள் விழுந்த இடமெல்லாம் படத்தில் பழுப்புக் கோடுகள். அதை எடுத்துவிட்டு, புதுச்சேரியில் வாங்கிவந்த கைத்தாளை வைத்தேன். அங்கே அரவிந்தர் ஆசிரமத்தார் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்கிறார்கள். பருத்தியில் லிக்னின் கிடையாது. மிஞ்சிய ஒரு தாளைப் பழைய அரிக்கேன் விளக்கின் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகச் சுற்றி, உள்ளே சிறிய எல்இடி பல்பு வைத்திருக்கிறேன். சுடர் விளக்கோ, சூடேறும் குண்டு பல்போ வைத்தால் தாள் பற்றிக்கொள்ளும்.

களி கிண்டும் துடுப்பையும் சுவரில் மாட்டியிருந்தேன். அத்தை அதை இரண்டே நாளில் கழற்றிச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டார். இரும்புப் படிக்கும் அதே கதிதான். சென்ற பொங்கலன்று பூக்களையெல்லாம் உருவி மேசையில் போட்டுவிட்டு, படியைக் கழுவித் துடைத்துப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து உலையில் போட்டார். மாலையில் நான் பார்த்தபோது பூக்கள் படிக்குள் திரும்பியிருந்தன, சிவப்பெல்லாம் ஒரு பக்கமாக, அவருக்குப் பிடித்த வரிசையில். அடியில் நாலைந்து அரிசி மணிகள் ஒட்டியிருந்தன.