கூந்தன்குளத்துக்கு மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு போன கதை

இன்று காலைதான் நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கினேன். குளித்துவிட்டு, இடது மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாள், மூன்று இடம், இரண்டு லென்ஸ். பறவையும் விலங்கும் எடுக்க எந்த ஜூம் லென்ஸை வாங்குவது என்று ஒன்றரை வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது தெளிவாகிவிட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி7500. அதோடு 70-300 லென்ஸ் ஒன்று (மில்லிமீட்டர் கணக்கு, எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). எடை 415 கிராம், பையில் இருப்பதே தெரியாது. ஆனால் குளத்துக்கு நடுவில் நிற்கிற பறவை அதில் அரிசி அளவுக்குத்தான் விழும். அதனால் இந்த முறை சென்னையில் ஒரு கடையில் நிக்கான் 200-500 லென்ஸை வாடகைக்கு எடுத்தேன். எஃப்/5.6 (இந்த எண் குறைந்தால் அதிக வெளிச்சம் உள்ளே வரும்), படத்தில் அத்தனை கூர்மை, இணையத்தில் எல்லோரும் கொண்டாடும் லென்ஸ். போனில் நாளுக்கு 900 ரூபாய் என்றார்கள். கடைக்குப் போனதும் ரயிலில் போகிற நாள், வருகிற நாள் எல்லாவற்றையும் சேர்த்து ஐந்து நாள் என்று 4,500 வாங்கிக்கொண்டார்கள். மொத்தப் பயணத்துக்கும் நான் ஒதுக்கியிருந்ததே பத்தாயிரம்தான். பாதி அங்கேயே போய்விட்டது. அதிலும் லென்ஸின் ட்ரைபாட் வளையத்துத் திருகு லூஸ். ஊர் போய்ச் சேருவதற்குள் மூன்று தடவை முறுக்கினேன். வாடகைக்கு எடுக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால், அவர்கள் எதையெல்லாம் நாள் என்று கணக்குப் பண்ணுகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கூந்தன்குளம். திருநெல்வேலி புதிய பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை மூலைக்கரைப்பட்டி பஸ் ஏறினேன். கடைசி சீட்டுதான் கிடைத்தது. மடியில் லென்ஸ் பை, காலுக்கு நடுவில் துணிப்பை, பக்கத்தில் ஒருவர் மூட்டையோடு. ஒவ்வொரு வேகத்தடைக்கும் பையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தேன். இறங்கும்போதே கை பாதி ஓய்ந்துவிட்டது. மூலைக்கரைப்பட்டியில் ஆட்டோக்காரர் பையைப் பார்த்தார். "அண்ணாச்சி, பறவை பாக்கவா? நானூறு குடுங்க" என்றார். அந்தத் தூரத்துக்கு நானூறு அநியாயம். பேசிப் பேசி முந்நூறுக்கு வந்தார். அதுவும் அதிகம்தான். ஆனால் வெயில் ஏறினால் படம் போச்சு, ஏறிவிட்டேன். திரும்பி வரும்போது அதே வழியில் டவுன் பஸ் வந்தது. நேரம் கேட்டுவைத்துக்கொண்டால் இந்தச் செலவே தேவையில்லை.

ஆனால் அந்த ஊர்! 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, அதெல்லாம் சரி. ஊருக்குள் நடந்தால்தான் விஷயம் புரியும். தெருவில் நிற்கிற மரத்தில் சங்குவளை நாரை கூடு கட்டியிருக்கிறது. கீழே ஓட்டுக்கூரை முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி எச்சம். மீன் வாடை. குஞ்சுகள் விடாமல் கத்துகின்றன. வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டேன். "துணி காயப் போட முடியாது தம்பி. ஆனா வெரட்ட மனசு வருமா? தீவாளிக்கே வெடி போட மாட்டோம்" என்றார். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதையும் அவரேதான் சொன்னார்.

அந்தத் தெருவில்தான் என் பெரிய லென்ஸ் முதல் அடி வாங்கியது. ஒரு கூட்டில் தாய் நாரை வெயிலுக்கு எதிராக இரண்டு சிறகையும் குடை மாதிரி விரித்து நின்றது. சிறகின் ஓரத்து ரோஜா நிற இறகுகளுக்குள் வெயில் புகுந்து வந்தது. நிழலில் இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. என் வாழ்நாளில் பார்த்த நல்ல காட்சிகளில் ஒன்று. லென்ஸைத் தூக்கினால் மிகக் குறைந்த எல்லையே 200. டி7500-இன் சென்சார் சிறியது, ஒன்றரை மடங்கு கணக்கில் அது 300 மாதிரி நெருக்கிக் காட்டும். தலையும் பாதிச் சிறகும்தான் சட்டத்துக்குள் வந்தன. பின்னால் நகர்ந்தேன், நகர்ந்தேன், எதிர்வீட்டுச் சுவரில் முதுகு முட்டிவிட்டது. அப்போதும் முழுச் சிறகு வரவில்லை. பழைய 70-300-ஐ மாட்டுவதற்குள் நாரை சிறகை மடக்கிவிட்டது.

அப்புறம் குளக்கரை. வரித்தலை வாத்துகள் நடுவில் கூட்டமாக இருந்தன. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை, நம்ம நாங்குநேரிப் பக்கத்துக் குளத்தில். நினைத்தாலே புல்லரிக்கிறது. 500-இல் எடுத்தேன். தலையில் இரண்டு கறுப்புக் கோடு தெரிகிற அளவுக்குக் கிடைத்தது. ஒன்பது மணி தாண்டியதும் தண்ணீர் மேல் கானல் ஆட ஆரம்பித்தது. அதற்கப்புறம் எடுத்த படமெல்லாம் கண்ணாடிக் குவளைக்குள் இருந்து பார்த்த மாதிரி குழைந்துவிட்டது. அந்த நேரத்தில் 600 இருந்தாலும் குழைந்த படத்தைப் பெரிதாக்கித்தான் தந்திருக்கும். தூரத்துப் பறவை வேண்டுமென்றால் காலை ஆறரைக்குக் கரையில் நில்லுங்கள்.

இந்தப் பெரிய லென்ஸ் எனக்கு வேண்டாம் என்று நான் முடிவெடுத்தது அன்று எட்டரை மணிக்கு. கேமராவும் லென்ஸும் சேர்த்து மூன்று கிலோ. ஸ்டாண்டு இல்லாமல், கையிலேயே இரண்டு மணி நேரமாகத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன். கை நடுங்க ஆரம்பித்ததும் கொஞ்சம் இறக்கி வயிற்றோடு அணைத்து நின்றேன். அந்த நிமிஷம் பார்த்து ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பியது. நூற்றுக்கணக்கான சிறகுச் சத்தம். தூக்கினேன். லென்ஸ் 500-இல் இருந்தது, கண்ணுக்குள் வெறும் வானம். 200-க்குத் திருப்பலாம் என்றால் இந்த லென்ஸில் வளையம் நீளச் சுற்று, ஒரே பிடியில் திரும்பாது, கையை மாற்றிப் பிடிக்க வேண்டும். திருப்பி முடித்தபோது வாத்துகள் கரைக்கு அந்தப் பக்கம் போயிருந்தன. ஷட்டரை 1/2000 நொடியில் தயாராக வைத்திருந்தும் ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. லென்ஸின் எட்டம் போதாமல் தவறிய படம் இல்லை அது. கை போதாமல் தவறியது.

இரண்டாம் நாள் அம்பாசமுத்திரம், அத்தை வீடு. அத்தானும் கேமரா பைத்தியம், அவரிடமும் நிக்கான்தான். என் கையைப் பார்த்துவிட்டு உள்ளே போய் சிக்மா 100-400 கன்டெம்பரரியைக் கொண்டுவந்தார். "மாப்ள, தூக்கிப் பாரு" என்றார். 1,160 கிராம். என்னுடைய கேமராவில் மாட்டினால் மொத்தம் இரண்டு கிலோவுக்கும் கீழே. கழுத்தில் போட்டுக்கொண்டு அவருடைய ஸ்ப்ளெண்டரில் பின்னால் உட்கார்ந்து திருப்புடைமருதூர் போனேன். லென்ஸ் இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.

திருப்புடைமருதூர் போகாதவர்கள் போய்விடுங்கள். கடனா நதி தாமிரபரணியோடு சேருகிற இடம், கரையில் நாறும்பூநாதர் கோயில், சுற்றி இலுப்பையும் மருத மரமும். பறவைகளுக்காக 2005-இல் அறிவித்த காப்பிடம். மேல் கிளையில் நாரை, கீழே பழந்தின்னி வௌவால் கொத்துக்கொத்தாக. 100-இல் மரம் முழுக்க, 400-இல் ஒற்றை வௌவாலின் முகம். கண்ணை எடுக்காமல் மாற்றினேன். இந்த சிக்மாவில் வளையத்தைத் திருப்பவே வேண்டாம், முன்பக்கத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் ஜூம் ஆகும். பறவை எழும்பினால் ஒரே இழுப்பில் 100-க்கு வந்து, வானத்தில் தேடிப் பிடித்து, மறுபடி தள்ளிவிடலாம். நாரை ஒன்று குச்சியைக் கவ்விக்கொண்டு தலைக்கு மேல் வந்தபோது அப்படித்தான் எடுத்தேன். வரிசையாகப் பதினொரு படம், எட்டில் கண் கூர்மையாக விழுந்திருக்கிறது.

மத்தியானம் அத்தை சொதி வைத்திருந்தார். கல்யாணம் முடிந்த மறுவீட்டுக்குத்தான் எங்கள் பக்கம் சொதி. வெறும் செவ்வாய்க்கிழமையில் எனக்காக வைத்தார். கெட்டித் தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், பீன்ஸ், இறக்கியதும் எலுமிச்சம்பழம். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், பக்கத்தில் கல்லிடைக்குறிச்சி அப்பளம். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கய்யா" என்று மூன்றாம் தடவை ஊற்றினார். சென்னையில் எந்த ஓட்டலிலும் இந்தச் சொதி கிடைக்காது. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்தவன் நாலு மணிக்குத்தான் எழுந்தேன்.

மூன்றாம் நாள் பாபநாசம் தாண்டிக் காரையாறு பஸ். அது களக்காடு முண்டந்துறைக் காடு, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988-இல் வந்தது. புலியைப் பார்க்கலாம் என்று போகாதீர்கள், மரத்தைப் பாருங்கள். சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் ஆற்றோர மரத்தில் மலை அணில் ஒன்று, வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு காய் கொறித்தது. காட்டுக்குள் வெளிச்சம் கம்மி, அங்கேதான் சிக்மா திணறும் என்று நினைத்து இரண்டு லென்ஸையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். 200-500-இல் எஃப்/5.6, 1/250 நொடி, ஐஎஸ்ஓ 3200 (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு, கூடினால் படத்தில் புள்ளி விழும்). சிக்மாவில் 400-க்குப் போனால் எஃப்/6.3, அதே 1/250-க்கு ஐஎஸ்ஓ 4000. அவ்வளவுதான் வித்தியாசம். கணினியில் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தேன், படத்தில் விழுந்த மணல் மாதிரிப் புள்ளிகளில் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். லென்ஸுக்குள் இருக்கிற ஆட்டத் தடுப்பு உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், அணிலின் ஆட்டத்தை நிறுத்தாது. அது தலையைத் திருப்பும்போதெல்லாம் 1/250 போதவில்லை, 1/800-க்குப் போன பிறகுதான் மீசை மயிர் தெரிந்தது.

500-க்கும் 400-க்கும் உள்ள இடைவெளியும் பயந்த அளவுக்கு இல்லை. டி7500 எடுக்கிற படம் 20.9 மெகாபிக்சல். 400-இல் எடுத்ததை 500 அளவுக்கு வெட்டினால் 13 மெகாபிக்சல் மிச்சம் இருக்கும். ஏ4 அச்சுக்குத் தாராளம். கூந்தன்குளத்து வாத்துக்கு மட்டும் 500 நிச்சயம் மேல், அதை மறைக்க மாட்டேன். ஜீப்பில் போகிறவர்கள், மறைவிடத்தில் லென்ஸைத் தாங்கப் பீன் பை வைத்து உட்காருகிறவர்கள் தாராளமாக 200-500 வாங்கலாம். சிக்மா 150-600 கன்டெம்பரரி 1,930 கிராம், சோனி 200-600 இரண்டு கிலோவுக்கு மேலே. இவற்றைக் கடையில் ஒரு நிமிஷம் தூக்கிப் பார்த்து வாங்காதீர்கள். கண்ணில் வைத்தபடி ஐந்து நிமிஷம் நில்லுங்கள், அப்புறம் பணத்தை எடுங்கள். கேனான் மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். ஆனால் 400-இல் எஃப்/8, காரையாற்று நிழலில் அது கஷ்டம்.

எனக்கு சிக்மா 100-400. புதிதாக வாங்கக் காசு இல்லை, தெரிந்தவர் ஒருவர் பழையதைக் கொடுக்கிறார். முன்பணம் ஐயாயிரம் ரயிலில் இருந்தே அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கையில் வாங்கும்போது பின்பக்கத்தில் டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் பூஞ்சை இருக்கிறதா பார்க்க வேண்டும். சென்னை ஈரத்தில் அதுதான் முதல் பயம். அப்புறம் 100, 400 இரண்டிலும் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்து, ஃபோகஸ் முன்னே பின்னே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ட்ரைபாட் வளையம் கிடையாது. கையில் வைத்தே எடுக்கிற எனக்கு அது குறை இல்லை.

இன்று பிப்ரவரி எட்டு. மார்ச் பிறந்தால் வாத்துகள் ஒவ்வொரு கூட்டமாகக் கிளம்பிவிடும். 21-ஆம் தேதி ராத்திரிக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் போட்டுவிட்டேன், காத்திருப்புப் பட்டியலில் 14.