வளவில் ஒரு பரேடு

ஆறு மாதமாக எங்கள் வீட்டு வளவுதான் பரேடு கிரவுண்டு. மகள் இங்கே காரைக்குடியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள், என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படையில் சீனியர் அண்டர் ஆபீசர். ஜூனியர் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற டிரில் கட்டளைகளை விடியற்காலையில் கத்திப் பார்ப்பாள். ஒருநாள் "சாவ்தான்!" (இந்தியில் 'அட்டென்ஷன்') என்று அவள் போட்ட சத்தத்தில் அப்பத்தா கையிலிருந்த காபி டம்ளர் உருண்டது. "குதிகாலை இப்படி அடிச்சா என் மாமனார் பதிச்ச ஆத்தங்குடிக் கல்லு என்னத்துக்குடி ஆகும்?" என்று அதற்கும் திட்டு.

என்.சி.சி. 'சி' சான்றிதழில் பி கிரேடாவது இருந்து, டிகிரியில் 50 சதவீதமும் எடுத்தால், ராணுவ அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு இல்லாமலே விண்ணப்பிக்கலாம். ரொம்பப் பேருக்கு இது தெரிவதில்லை. ஆனால் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிற எஸ்.எஸ்.பி. நேர்காணல் என்று ஐந்து நாள் இருக்கிறதே, பிழிந்து எடுத்துவிடுவார்கள். அதில் ஒரு சோதனை: 60 வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. பார்த்ததும் தோன்றுவதை எழுத வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போனில் டைமர் வைத்து நான்தான் வாசிப்பேன். நேற்று "ஃபியர்" என்றேன். எட்டிப் பார்த்தால், 'அப்பத்தாவைத் தவிர யாரிடமும் பயமில்லை' என்று எழுதியிருக்கிறாள். சரி, இதை அங்கே எழுதிவைக்காதே தாயி!

தேறினால் சென்னை பரங்கிமலையில் இருக்கிற ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் 49 வாரப் பயிற்சி. அங்கே சீப்புச் சீடை கொடுத்துவிடலாமா என்று அப்பத்தா இப்போதே விசாரிக்கிறார். நாளை பரேடு. வடித்த கஞ்சியில் காக்கிச் சட்டையை முக்கிப் பிழிந்து, கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருப்பதும் அவர்தான்.