இன்டர்ஸ்டேட் அவென்யூவில் ஒரு பொய்த் தீவு

அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் ‘மேக்ஸ்’ என்னும் நகர ரயிலின் மஞ்சள் தடத்தில் வடக்கே போனால், இன்டர்ஸ்டேட் அவென்யூவில் ‘அலிபை’ என்ற பெரிய நியான் பலகை தெரியும். 1947 முதல் இதே பெயரில் நடக்கும் டிக்கி பார், அதாவது பசிபிக் தீவு வேடம் போட்ட மதுக்கடை. அன்று இந்தச் சாலைதான் ஊரின் பிரதான நெடுஞ்சாலை. வேகமாகப் போகிற கார்க்காரர்களை நிறுத்த அத்தனை வெளிச்சம் வேண்டியிருந்தது. 1960களில் ஐ-5 விரைவுச் சாலை வந்து கார்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஆனால் பலகை அசரவில்லை. அருகில் பாம்ஸ் மோட்டலின் நியான் பனையும் நிற்கிறது.

உள்ளே ஒரே மங்கல். மூங்கில், மரத்தில் செதுக்கிய முறைப்பு முகங்கள், வண்ண விளக்குகள். ஒரு சொட்டு மழையும் விழ வழியில்லாத இடத்தில் ஓலை வேய்ந்திருக்கிறார்கள்! பாலினீசியத் தீவுகளில் இப்படியொரு மதுக்கடை இருந்ததே இல்லை. மதுவிலக்கு முடிந்த கையோடு, 1930களில் ஹாலிவுட்டில் டான் பீச் என்ற மதுக்கடைக்காரர் கிளப்பிவிட்ட கற்பனை இது. அலங்காரம் பசிபிக்கிலிருந்து, ரம் கரீபியனிலிருந்து. இரண்டாம் உலகப் போர் முடிந்து பசிபிக்கிலிருந்து சிப்பாய்கள் திரும்பியதும் மோகம் நாடெங்கும் பற்றிக்கொண்டது. அந்தத் தீவு மக்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது.

நான் ‘மை டாய்’ என்ற கலவை மது வாங்கினேன். ரம், எலுமிச்சை, பாதாம் பாகு. மேலே பிழிந்த எலுமிச்சை மூடியும் புதினாக் கொத்தும். உறிஞ்சும்போதெல்லாம் புதினா மூக்கில் இடித்தது. இனிப்பு ஏமாற்றும், நிதானம் தேவை.

ஆனால் கூட்டம் வருவது கரோக்கேக்காக, அதாவது ஓடும் பின்னணி இசைக்கு வாடிக்கையாளர்களே பாடுவதற்காக. 1971இல் ஜப்பானின் கோபேயில் அதற்கான கருவியை உருவாக்கிய இனோவே டைசுகே காப்புரிமை வாங்காமல் விட்டதால் உலகத்துக்கு லாபம். துண்டுச் சீட்டில் பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேலைச் சட்டை கழற்றாத ஒரு பெரியவர் மேடையேறினார். திரையில் வரிகள் நிறம் மாறி ஓட, அவர் அரை வரி பின்தங்கியே வந்தார். உச்சஸ்தாயியில் குரல் உடைந்தது. அவ்வளவுதான், மொத்தக் கடையும் எழுந்து அந்த வரியை அவருக்காகப் பாடி முடித்தது. மேசைகள் அதிர்ந்தன. பக்கத்து மேசைக்காரர் என் தோளில் கைபோட்டுக் கத்தினார். தெரியாத பாட்டுக்கு நானும் கத்தினேன்.

அடுத்து ஓர் இளம்பெண். தேர்ந்த குரல், சுருதி இம்மியும் பிசகவில்லை. மரியாதைக்குக் கைதட்டிவிட்டு, பாதிப் பேர் அடுத்த கோப்பை வாங்க எழுந்து போனார்கள்.