எம்டனுக்கு இரண்டு மேசை

முதல் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை 1:350 அளவில் (நிஜத்தில் 350-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடலாகக் கட்டப் போகிறீர்கள் என்றால், கிட் பெட்டியைத் திறக்கும் முன்பே ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் முடிக்கும் தேதி இல்லை, கப்பலின் தேதி. போருக்கு முன் சீனக் கடற்கரையின் சிங்தாவோவில் நின்ற எம்டனுக்கு உடல் வெள்ளை, புகைபோக்கியும் மேற்கட்டுமானமும் வெளிர் மஞ்சள். ‘கிழக்கின் அன்னம்’ என்று பெயர் வாங்கித் தந்த கோலம் அது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வெளியே நின்று பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் சாம்பல் நிறம். அக்டோபர் 28 விடியலில் பினாங்குக்குள் நுழைந்த எம்டனுக்கு மூன்றுக்குப் பதில் நான்கு புகைபோக்கி. தூரத்திலிருந்து பார்ப்பவர் நான்கு புகைபோக்கி கொண்ட பிரிட்டிஷ் கப்பல் யார்மவுத் என்று நினைக்க வேண்டும் என்பதற்காக மாட்டிய பொய்ப் புகைபோக்கி. நம் ஊரில் ‘அவன் சரியான எம்டன்’ என்று சும்மாவா சொல்கிறார்கள்!

இருவர் சேர்ந்து கட்டும்போது இந்தத் தேதியைப் பேசி முடிக்காமல் தொடங்கினால், ஒருவர் மேசையில் வெள்ளை உடலும் இன்னொருவர் மேசையில் சாம்பல் பீரங்கியும் தயாராகி நிற்கும்.

எம்டனும் அதன் தங்கைக் கப்பல் டிரெஸ்டனும் இந்த அளவில் ரெவெல் கிட்டாக வந்திருக்கின்றன. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலத்தான். ஆனால் டிரெஸ்டன் டர்பைன் கப்பல், அதற்கு நான்கு சுழலி (புரொப்பெல்லர்). பழைய பாணி நீராவி இயந்திரம் பூட்டிய எம்டனுக்கு இரண்டுதான். அடிப்பாகத்தையும் காட்டும் மாடல் என்றால் இதில் தவறக் கூடாது. நிஜக் கப்பலின் நீளம் 118 மீட்டர் சொச்சம். மாடலில் 338 மில்லிமீட்டர், ஓரடி ஸ்கேலைவிட மூன்று சென்டிமீட்டர் கூடுதல். அகலம் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. இந்த ஒல்லி உடம்புதான் முதல் தலைவலி.

இந்த அளவுக் கிட்டுகளில் உடல் பெரும்பாலும் இடம், வலம் என்று இரண்டு பாதியாக வரும். இரண்டையும் ஒட்டிக் காயவைத்துவிட்டு மறுநாள் மேல்தளத்தை வைத்துப் பார்த்தால் ஒன்று உள்ளே இறங்காது, இல்லாவிட்டால் விளிம்பில் இடைவெளி விடும். பிளாஸ்டிக் பக்கங்கள் லேசாக வளைந்திருப்பதுதான் காரணம். பாதிகளை ஒட்டும்போதே மேல்தளத்தைப் பசை போடாமல் அதன் இடத்தில் செருகி வையுங்கள். உள்ளே மூன்று இடங்களில் 2 மி.மீ. பிளாஸ்டிக் அட்டையைக் குறுக்காக வெட்டி முட்டுக் கொடுங்கள். மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு மாஸ்கிங் டேப் போட்டு இறுக்கி, மெல்லிய திரவப் பசையை இணைப்பில் தொட்டால் அதுவாக இழுத்துக்கொள்ளும். 24 மணி நேரம் கையே வைக்கக் கூடாது. பசையால் இளகிய பிளாஸ்டிக் முழுதாக இறுகும் முன் தேய்த்தால், சில நாளில் இணைப்பு இருந்த இடத்தில் பள்ளம் விழும். பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகுதான் அது கண்ணில் படும்.

இணைப்பை 400, 600, 1000 என்று உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிறோம். தேய்த்த தூளெல்லாம் வட்டச் சன்னல்களுக்குள் போய் அடைந்துகொள்ளும். ஆகவே சன்னல்களைக் குடைவதைத் தேய்ப்புக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. 30 செ.மீ. சன்னல் இந்த அளவில் 0.86 மி.மீ. வரும், 0.8 அல்லது 0.9 பிட் போதும். கைத்துளைப்பான்தான் பயன்படுத்த வேண்டும். மோட்டார் வைத்தால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் சுற்றும்.

வேலையைப் பிரிப்பது எப்படி? முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு என்று பிரித்தவர்கள் உருப்பட்டதில்லை. உடலும் தளமும் ஒருவர். பீரங்கி, படகு, கொடிமரம், பித்தளைத் தகட்டு வேலை இன்னொருவர். எம்டனில் 10.5 செ.மீ. பீரங்கி பத்து: முன்னே பக்கத்துக்குப் பக்கம் இரண்டு, பின்னே அப்படியே இரண்டு, நடுவில் இருபுறமும் மும்மூன்று. குழல் நீளம் விட்டத்தைப்போல் 40 மடங்கு, அதாவது 4.2 மீட்டர், மாடலில் 12 மி.மீ. ஒவ்வொரு பீரங்கியாக முடிக்கக் கூடாது. பத்துக்கும் ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டு, பத்துக்கும் அச்சுக்கோட்டைச் சுரண்டு, பத்துக்கும் கவசத்தை ஒட்டு என்று ஒரே மூச்சில் போக வேண்டும். தனித்தனியாக முடித்தால் ஏழாவது பீரங்கி முதலாவதைப்போல் இருக்காது.

சாம்பல் பெயின்டை மட்டும் பிரித்துக்கொள்ளவே கூடாது. இருவரும் ஒரே நிறுவனத்தின் ஒரே எண் பெயின்டை வாங்கினாலும் கடைசியில் உடல் ஒரு சாம்பல், பீரங்கி இன்னொரு சாம்பலாகத்தான் வரும். ஒருவர் வெள்ளைப் பிரைமர் மேல் அடித்திருப்பார், மற்றவர் சாம்பல் பிரைமர் மேல். மெல்லிய பூச்சில் அடி நிறம் மேலே தெரியத்தான் செய்யும். தின்னரோடு சேர்த்து 30 மி.லி. ஒரே குப்பியில் கலந்துவையுங்கள், கடைசித் தொடுப்புவரை மிஞ்சும். ஒரே கை அடிக்கட்டும். பெயின்டைத் தூவும் ஏர்பிரஷில் 0.3 மி.மீ. ஊசிக்கு 1 முதல் 1.2 பார் அழுத்தம் சரி. கோடையில் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து மணல்போல் விழுந்தால் காய்வதைத் தாமதமாக்கும் ரிடார்டர் சில சொட்டு சேருங்கள், கொஞ்சம் நெருங்கி அடியுங்கள். ஐப்பசி மழைக்காலத்தில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் வெள்ளைப் பனி படரும். ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதைவிட ஒரு வாரம் பொறுப்பது மேல்.

அடிப்பாகச் சிவப்பை முதலில் அடித்துவிட்டு, அதை மறைத்துச் சாம்பல் அடிக்க வேண்டும். நீர்மட்டக் கோட்டைக் கண்ணால் இழுக்காதீர்கள். கப்பலைச் சமதளத்தில் நேராக முட்டுக் கொடுத்து நிறுத்தி, ஒரு கட்டையில் பென்சிலைப் படுக்கவைத்துக் கட்டி, கட்டையைச் சுற்றி நகர்த்துங்கள். பின்முனையில் உடல் உள்வாங்கும் இடத்தில் கோடு வளைந்து போவதுபோல் தெரியும், பென்சிலை நம்புங்கள். டேப் 2 மி.மீ. அகலமாக இருந்தால்தான் அந்த வளைவில் மடங்காமல் படியும்.

இனி ரெய்லிங், அதாவது மெல்லிய பித்தளைத் தகட்டில் வரும் தளத்தின் ஓரக் கைப்பிடி. ஒரு மீட்டர் கைப்பிடி மாடலில் 3 மி.மீ.கூட வராது. தகட்டின் தடிமன் 0.1 மி.மீ. என்றால் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர்க் குழாய்க்குச் சமம், ஆக கொஞ்சம் தடிதான். அதன் மேல் பெயின்டையும் அப்பினால் வேலியாகிவிடும். தகட்டில் இருக்கும்போதே ஏர்பிரஷில் மெல்ல அடித்துவிடுங்கள். வெட்டுவதற்கு ரப்பர் பாய் ஆகாது. பிளேடு அழுத்தும்போது பித்தளை பாய்க்குள் அமுங்கி வளையும். உடைந்த டைல்ஸ் துண்டோ கண்ணாடியோ போதும். முன்முனை வளைவுக்குப் போகும் துண்டை மட்டும் பெயின்டுக்கு முன் மெழுகுவத்திச் சுடரில் நிறம் மாறும்வரை காட்டி ஆறவிட்டால் சொன்னபடி வளையும். எல்லாத் துண்டையும் அப்படிச் சூடாக்கினால் நேராக நிற்க வேண்டியதும் துவண்டுவிடும்.

பசை விஷயத்தில் எங்கள் கட்சி ஃபெவிகால்தான். ஃபெவிக்விக் வகைப் பசை உடனே பிடித்துக்கொள்ளும். அரை மில்லிமீட்டர் கோணினாலும் திருத்த முடியாது. போதாக்குறைக்கு அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும். ஃபெவிகாலைப் பல்குச்சியால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துச் சாமணத்தால் நிறுத்தினால் சரிசெய்ய அவகாசம் உண்டு, மிஞ்சியது ஈரத் தூரிகைக்கு வந்துவிடும். பாரம் தாங்கும் இடத்துக்கு, உதாரணமாகப் படகு தொங்கும் கொக்கிகளுக்கு, ஃபெவிக்விக் வகைதான் வேண்டும்.

பொய்ப் புகைபோக்கி மாட்டுவதாக இருந்தால் கயிறு கட்டும் முன்பே மாட்டிவிட வேண்டும். இரண்டு கொடிமரங்களுக்கும் நடுவே வயர்லெஸ் கம்பிகள் புகைபோக்கிகளுக்கு மேலாகப் போகின்றன, பிறகு கை நுழையாது. உண்மையில் முதலில் செய்தது தட்டையானது, பக்கவாட்டில் பார்த்தால்தான் ஏமாற்றும். பிறகு பருமன் கொடுத்துச் செய்தார்கள். கிட்டில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயை வெட்டி வைத்தால் துணியாகத் தெரியாமல் இரும்புபோல் தெரியும். கம்பிச் சட்டத்தின் மேல், தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் தோய்த்த டிஷ்யூவைச் சுற்றினால் துணிக்குரிய சுருக்கம் தானாக வரும்.

கயிறுக்கு 0.05 மி.மீ. அளவு எலாஸ்டிக் நூல். பிளாஸ்டிக் கொடிமரம் இழுவைக்கு வளையும், அதனால் அடியில் 1 மி.மீ. பித்தளைக் கம்பியாக மாற்றிவிடுவது உத்தமம். மாற்றினாலும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறித்தான் கட்ட வேண்டும். உள்ளிருந்து வெளியே, கடைசியில் வயர்லெஸ். சிலர் கயிறை முடித்துவிட்டு ரெய்லிங் வைப்பார்கள். ரெய்லிங்கைச் சரிசெய்யக் கை போகும்போது நூல் அறுவதைப் பார்த்த பிறகு எங்களுக்கு அந்த வரிசையில் நம்பிக்கையில்லை.

நூலில் படிந்த தூசியை எந்தத் தூரிகையாலும் துடைக்க முடியாது, அக்ரிலிக் பெட்டி கட்டாயம். அந்தப் பெட்டி யார் வீட்டில் இருக்கப் போகிறது என்பதைக் கயிறு கட்டும் முன்பே பேசிவிடுங்கள்; கட்டி முடித்த கப்பலை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்து போக முடியாது.